பிளக் குத்துகிற ஜீப்பா, பெற்றோல் ஜீப்பா?

கேள்வி:

சாவகச்சேரியில் இருக்கிறோம். நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இவர் ஓய்வூதியம் எடுத்துவிட்டார். இருந்த சின்னக் காரை விற்று, கையில் உள்ளதையும் போட்டு ஒரு ஜீப் எடுக்க யோசித்து இரண்டு வாகனம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2015 நிசான் எக்ஸ்-ட்ரெயில், பெற்றோல். மற்றது 2014 அவுட்லாண்டர், பிளக் குத்திச் சார்ஜ் பண்ணுகிற ஹைபிரிட். அது ஒன்பது இலட்சம் கூட. பாடசாலைக்குப் போய்வர 34 கிலோமீற்றர். மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவேணும். மகன் மொறட்டுவையில் படிக்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பு. மாதம் 110 யூனிற் மட்டில் கரண்ட் பாவிக்கிறோம். லண்டனில் இருக்கிற தம்பி, "இந்தக் காலத்திலை பெற்றோல் ஜீப் ஆரும் வாங்குவினமே அக்கா" என்கிறான். இவரோ, "பற்றரி செத்தால் அவ்வளவு காசும் போச்சு" என்கிறார். ஆர் சொல்வது சரி?

– ஒரு ஆசிரியை, சாவகச்சேரி

பதில்:

ரீச்சர், தம்பி சொல்வது லண்டனுக்குச் சரி. இவர் சொல்வது பாதி சரி. ஆனால் இரண்டு பேரும் பார்க்க மறந்தது உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த அவுட்லாண்டர் எப்படிப்பட்ட சாமான் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விற்கிறவர்களில் பாதிப் பேர் அதை "ஹைபிரிட்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பிரியஸ், வெசல் மாதிரியான சாதாரண ஹைபிரிட்டில் பற்றரி சின்னது; அது தன்பாட்டில் ஏறும், இறங்கும். நீங்கள் போடவேண்டியது பெற்றோல் மட்டும்தான். மிட்சுபிஷி 2013 தொடக்கத்தில் யப்பானில் இறக்கிய இந்த அவுட்லாண்டரில் 12 கிலோவாற் மணி பற்றரி இருக்கிறது. ஒரு கிலோவாற் மணி என்பது கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிற்தான். முன் சில்லுக்கு ஒரு மோட்டர், பின் சில்லுக்கு ஒரு மோட்டர், ஒவ்வொன்றும் 60 கிலோவாற். நாங்கள் பழகிய கியர்பெட்டி அதில் கிடையாது. இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேற்றர் வேலைதான் பார்க்கும். மணிக்கு 65, 70 கிலோமீற்றரைத் தாண்டினால் ஒரு கிளச் பிடித்து நேரே முன் சில்லை ஓட்டும். ஆக, ஊருக்குள்ளே அது மின்சார வாகனம், தூரப் பயணத்தில் பெற்றோல் வாகனம். ஓட்டிப் பார்த்திருப்பீர்கள், சத்தமே இராது. அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தில் மனம் பறிகொடுத்துவிட்டு விலை பேசப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யப்பான் சோதனை முறையில் அதற்கு 60 கிலோமீற்றர் என்று போட்டார்கள். அது தாளில் ஓடிய ஓட்டம். புது வாகனமாக இருந்தபோதே ஏசியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீதியில் 40 ஓடினால் நல்ல ஓட்டம். உங்களுடையது 2014. பத்து வருடத்துக்கு மேல் சூட்டில் நின்ற பற்றரி. அது இப்போது எவ்வளவு ஓடும் என்பதை வாகனத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஓடோமீற்றரைப் பார்த்தும் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்கவேணும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. ஸ்ரியரிங்குக்குக் கீழே, முழங்கால் முட்டுகிற இடத்தில், சேர்விஸ்காரர் கம்பியூட்டரைக் கொழுவும் சொக்கெற் இருக்கிறது. அதில் தீப்பெட்டி அளவு புளூரூத் கருவி ஒன்றைக் குத்தி, கைபேசியில் அதற்கான செயலியைத் திறந்தால் பற்றரியின் கொள்ளளவு அம்பியர் மணியில் வரும். புதுப் பற்றரி 40. உள்ளே 80 செல் வரிசையாக நிற்கிறது, எல்லாம் சேர்ந்து 300 வோல்ற். 40ஐ 300ஆல் பெருக்கினால் அந்த 12 கிலோவாற் மணி வந்துவிடும். கணக்குப் படிப்பிக்கிறவராக இருந்தால் இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும். என் கராஜில் 34, 35 காட்டிய 2014 வாகனமும் வந்திருக்கிறது, 24 காட்டியதும் வந்திருக்கிறது. வெளியே இரண்டும் ஒரே பளபளப்பு. 24 காட்டியதற்கு உள்ளே புது சீற் கவர் வேறு.

நான் வைத்திருக்கிற கோடு இது: 32க்கு மேல் என்றால் பேசலாம். 28க்கும் 32க்கும் இடையில் என்றால் விலையைப் பிடித்து இழுக்கவேணும். 28க்குக் கீழே என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பற்றரியைக் கண்காணிக்கும் கம்பியூட்டரை "ரீசெற்" பண்ணினால் இலக்கம் சில நாளைக்கு நல்லதாகத் தெரியும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இலக்கத்தோடு நிற்காதீர்கள். இரவு முழுக்கச் சார்ஜ் போட்ட வாகனமாகக் கேளுங்கள். காலையில் நீங்களே எடுத்து, ஏசியைப் போட்டு, உங்கள் வழமையான வழியிலேயே ஓட்டுங்கள்: அரியாலை, நாவற்குழிப் பாலம், நுணாவில், வீடு, திரும்ப ரவுண். எஞ்சின் தானாக எங்கே ஸ்ராட் ஆகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் மீற்றர் எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறதோ அதுதான் நீங்கள் காசு கொடுக்கிற பற்றரி. காலை அழுத்தி மிதித்தால் எஞ்சின் பாதியிலேயே எழும்பும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். பாடசாலைக்குப் போகிற மாதிரிச் சும்மா ஓட்டுங்கள். இந்த வருட மொடலில் எஞ்சினை எழும்பவிடாமல் தடுக்கும் பொத்தான் கிடையாது, அது பின்னைய மொடல்களில்தான் வந்தது.

இனிக் கரண்ட் பில்.

பற்றரி 30 அம்பியர் மணி என்று நடுவாக வைப்போம். அது 9 கிலோவாற் மணி. வாகனம் அதை அடிமட்டம் வரை விடாது. ஏறக்குறைய 30 வீதம் இருக்கும்போதே எஞ்சினைக் கூப்பிட்டுவிடும். ஆக, உங்கள் கைக்கு வருவது ஆறு சொச்சம். ஒரு கிலோவாற் மணிக்கு 5 கிலோமீற்றர் என்றால் 30 கிலோமீற்றர் ஓடும். சார்ஜ் ஆகும்போது சூடாகிப் போகும் வீணையும் சேர்த்தால் சுவரிலிருந்து 7 யூனிற் இழுக்கும்.

இப்போது மாதம் 110 யூனிற்றில் இருக்கிறீர்கள். பாடசாலை நடக்கும் மாதத்தில் இந்த 7 யூனிற் தினமும் சேர்ந்தால் 250ஐத் தாண்டும். எங்கள் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி: 60, 90, 120, 180 என்று படி ஏற ஏற யூனிற் விலை ஏறும், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். ஆக, நீங்கள் வாகனத்துக்குப் போடும் யூனிற் எல்லாம் மேற்படியில் நிற்கும் யூனிற்தான். "ஒரு சார்ஜ் இருநூறு ரூபாதான் அக்கா" என்று விற்கிறவர் சொல்வது கீழ்ப்படி விலையில் போட்ட கணக்கு. கட்டணத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் நான் ஒரு யூனிற் 60 ரூபா என்று வைத்துப் போடுகிறேன். நீங்கள் கடைசிப் பில்லை எடுத்துவைத்து உங்கள் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். பெற்றோல் 300 என்று வைக்கிறேன்.

பாடசாலை வருடத்தில் 200 நாள். 34 கிலோமீற்றர் வீதம் 6,800 கிலோமீற்றர். எக்ஸ்-ட்ரெயில் ஊருக்குள்ளே லீற்றருக்கு 10 ஓடும்; 680 லீற்றர், 2,04,000 ரூபா. அவுட்லாண்டருக்கு 1,400 யூனிற், 84,000 ரூபா. பற்றரி முடிந்து மிச்சம் ஓடும் நாலு கிலோமீற்றருக்கு வருடத்தில் 60 லீற்றர் பெற்றோல், 18,000. மொத்தம் ஒரு இலட்சத்துச் சொச்சம். மிச்சம் பிடிப்பது வருடத்துக்கு ஒரு இலட்சம்.

கொழும்புப் பயணத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். பளையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே பற்றரி முடிந்துவிடும். அதற்குப் பிறகு கொழும்பு வரை அந்தக் கனமான பற்றரியையும் சுமந்துகொண்டு எஞ்சின்தான் ஓடும். நெடுவழியில் இரண்டு வாகனமும் லீற்றருக்கு 12 மட்டில்தான். அங்கே இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மாமியின் கிளினிக், கோயில், கலியாண வீடு என்று ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் மிச்சம் ஒரு இலட்சத்து முப்பதினாயிரம் வரை போகலாம். விலை வித்தியாசம் ஒன்பது இலட்சம். ஏழு வருடம் ஓடினால்தான் அது திரும்பி வரும். அப்போது அந்தப் பற்றரிக்கு வயது பத்தொன்பது தாண்டியிருக்கும்.

கூரையில் சூரியப் படலம் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது நீங்கள் வாகனத்துக்குப் போடும் யூனிற்றின் விலை, அந்தக் கரண்டை வெளியே விற்றால் கிடைத்திருக்கும் விலைதான். அது 20 ரூபா என்றால் 84,000 என்பது 28,000 ஆகிவிடும், மிச்சம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். கடிதத்தில் சூரியப் படலம் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இவர் கேட்கிற "பற்றரி செத்தால்" என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேணும். பற்றரி ஒரு நாளில் சாவதில்லை, மெலியும். மெலிந்தாலும் வாகனம் நிற்காது. சாதாரண ஹைபிரிட் மாதிரி எஞ்சினைப் போட்டு ஓடும், என்ன, ஏற்றத்தில் எஞ்சின் கத்தும். ஒரு செல் கெட்டால் முழுப் பற்றரியையும் மாற்றவேண்டியதில்லை. கழற்றிய வாகனங்களில் இருந்து செல் தொகுதி எடுத்து மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 300 வோல்ற் சாமான் அது. செம்மஞ்சள் நிற வயரைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தெரிந்த மெக்கானிக்தான் தொடவேணும். வடக்கில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கூட இல்லை. கொழும்புக்கு ஏற்றி அனுப்பவேண்டி வந்தால் அந்தச் செலவு தனி. 2013ஆம் ஆண்டின் முதல் தொகுதி வாகனங்களில் பற்றரி சூடாகி உருகிய சம்பவம் யப்பானில் நடந்து, உற்பத்தியையே சில மாதம் நிறுத்தினார்கள். உங்களுடையது 2014, அந்தப் பயம் வேண்டாம்.

பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலும் சாமியார் இல்லை. அதில் இருப்பது சிவிரி (CVT) கியர்பெட்டி, பல்லுச் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டியில் ஓடுகிற ஓட்டோ கியர். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதன் எண்ணெயை, அதற்கென்று உள்ள எண்ணெயாகவே பார்த்து மாற்றவேணும் என்பது என் பழக்கம். மாற்றாமல் ஓடிய வாகனம், மெதுவாக இழுக்கும்போது ஒரு நடுக்கம் காட்டும். கச்சேரியடியில் வாகன நெரிசலில் விட்டு விட்டு ஓட்டிப் பாருங்கள், சீற்றில் ஒரு உதறல் தெரிந்தால் அது வேண்டாம். சேர்விஸ் புத்தகம் கேளுங்கள். அவ்வளவுதான்.

இனித் தம்பிக்காக ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதற்கு முந்திய மாதம் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஷெட்டில் இரவிரவாக வரிசையில் கிடந்த நாட்களில், பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் இதே அவுட்லாண்டரில் சத்தமில்லாமல் வேலைக்குப் போய்வந்தார். எல்லாருக்கும் எரிச்சல். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்கக்கூடாது. அன்று அவர் என்னிடம் வந்து பெற்றோல் கேட்டார். இரண்டு கொள்கலம் உள்ள வாகனத்தின் பெறுமதி அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. அது காசில் அளக்கமுடியாத நிம்மதி. அந்த நிம்மதிக்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. என் கணக்கில் மூன்று, நாலு இலட்சம் கொடுக்கலாம். ஒன்பது கொடுக்கமாட்டேன்.

ஆக, இன்றைய விலையில் என் வாக்கு இவருக்கு: எக்ஸ்-ட்ரெயில். அவுட்லாண்டர் 32 அம்பியர் மணிக்கு மேல் காட்டி, ஓடிப் பார்த்தபோதும் 30 கிலோமீற்றர் தாண்டி, விலையும் ஐந்து இலட்சம் இறங்கினால் தம்பிக்கு. அவர்கள் இறங்குவார்கள் என்றே நினைக்கிறேன். அளக்கும் கருவியோடு போகிற வாடிக்கையாளரை அவர்களுக்கு அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

அப்படி அவுட்லாண்டர்தான் என்று முடிவானால் மூன்று விசயம், விற்கிறவர் சொல்லமாட்டார்.

போர்ட்டிக்கோவில் ஏற்கெனவே உள்ள பிளக்கில் கொழுவவேண்டாம். இது அயன்பொக்ஸ் மாதிரிப் பத்து நிமிடம் இழுத்துவிட்டுப் போகிற சாமான் இல்லை. நாலு, ஐந்து மணித்தியாலம் விடாமல் இழுக்கும். கொடிகாமத்தில் ஒரு வீட்டில் சுவர்ப் பிளக்கின் ஒரு ஓட்டை மட்டும் வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. கிட்டப் போனால் எரிந்த பிளாஸ்ரிக் மணம். "இரண்டு மாதமாக அப்படித்தான் தம்பி, சார்ஜ் ஆகுதுதானே" என்றார் ஐயா. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், இது மூன்றும் இல்லாமல் ஒரு இரவும் போடாதீர்கள். வாகனத்தோடு வந்த கேபிள் யப்பானின் 200 வோல்ற்றுக்குச் செய்தது. அதையும் எலெக்ரீசியனுக்குக் காட்டுங்கள். பின்னேரம் ஆறரை தொடக்கம் பத்தரை வரை ஊருக்கே உச்ச நேரம், உங்கள் பக்கத்தில் வோல்ற்றேஜும் இறங்கும். வாகனத்திலேயே ரைமர் இருக்கிறது, பதினொரு மணிக்குத் தொடங்க வைத்துவிட்டுப் படுங்கள்.

பெற்றோல் போடாமலே மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று சந்தோசப்படவும் வேண்டாம். ராங்கில் கிடக்கும் பெற்றோலும் பழசாகும். மூன்று மாதத்துக்குள் 15 லீற்றராவது புதிதாகப் போடவேணும் என்று மிட்சுபிஷியே சொல்கிறது. போடாவிட்டால் எஞ்சின் தானாக எழும்பி ஓடத் தொடங்கும். கொழும்புப் பயணம் இருப்பதால் உங்களுக்கு இது தன்பாட்டில் சரியாகிவிடும்.

மற்றது, பின்கதவைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பெயர் வீல் இராது. பற்றரிக்கும் பின் மோட்டருக்கும் இடம் விட்டதில் அது போய்விட்டது. பதிலுக்கு ஒரு போத்தல் பசையும் சின்னக் காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். ஆணி குத்தினால் அது காணும், ரயர் பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றுக்கும் உதவாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாங்குளத்துக்கு இங்கால் இரவு பத்து மணிக்கு அப்படி நின்று, யாழ்ப்பாணத்திலிருந்து என் பெடியன் ஒருவன் மோட்டச்சைக்கிளில் ரயர் கட்டிக்கொண்டு போனான். மகனைப் பார்க்கப் போகும்போது பழைய ரிம் ஒன்றில் ரயர் போட்டு, பின்னால் பொதியோடு பொதியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.